பொடி டப்பாவும் சோற்றுத் தட்டும்

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும், தென்திருப்பதி என்று சுற்றுவட்டாரம் போற்றும் ஊர். ஒரு பக்கம் பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் நூற்பாலைகளின் ராஜபாளையம், மேற்கே மலைத்தொடர். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு கொஞ்ச நேரத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் வந்துவிடுகிறது. கூடவே ஒரு பொடி டப்பாவும் வந்துவிடுகிறது. "முந்நூறு இருந்துச்சுண்ணே, ரெண்டு மாசம் இதைச் சாப்பிட்டேன், நூத்தி அம்பதுக்கு வந்திருச்சு" என்று யாரோ சொல்ல, அந்த டப்பாவின் பெயர் தெரு முழுக்கப் பரவுகிறது.

ரத்தச் சர்க்கரையையும் இதயத்தையும் காப்பதற்கு எந்தச் சத்து உதவுகிறது, எந்தப் பழக்கம் உதவுகிறது என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஐம்பது ஆண்டுகளாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அதில் சென்னையின் பங்கு பெரியது. அந்தப் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சான்று வலுவாக இருப்பது மலிவான, சாதாரணமான, அன்றாடம் செய்யவேண்டிய காரியங்களுக்குத்தான். டப்பாவில் அடைத்து விற்கப்படுபவற்றுக்குச் சான்று மெலிந்து கிடக்கிறது. மாதம் ஆயிரம் இரண்டாயிரம் என்று பொடிக்குப் போகும் பணம் பருப்புக்கும் காய்க்கும் போகவேண்டிய பணம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிலவரம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது தமிழ்நாடு அரசு 2020-இல் எடுத்த கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம். நோய் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கட்டுப்பாடின்றி நடமாடுகிறார்கள் என்று பொருள்.

சர்க்கரையையும் இதயத்தையும் பிரித்துப் பேச முடியாது. நீரிழிவுக்காரரின் உயிரை எடுப்பது பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஒன்பது காரணிகள் விளக்கிவிடுகின்றன என்றது அது. ரத்தக் கொழுப்பு, புகை, நீரிழிவு, ரத்த அழுத்தம், தொப்பை, மன நெருக்கடி, காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது. அதே தரவிலிருந்து 2007-இல் வந்த இன்னொரு கணக்கு நமக்குரியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக. வீட்டில் சம்பாதிக்கிற ஒருவர், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது விழுகிறார்.

நம் உடல்வாகும் இதற்கு ஒரு காரணம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி இருக்கும் உடம்பு நம்முடையது. "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" என்று கேட்பவர் இடுப்பில் ஒரு டேப்பைச் சுற்றிப் பார்க்கட்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எல்லை. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு கூடினால் சர்க்கரைக்குப் போக இடமில்லை.

இனி தட்டுக்கு வருவோம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம் அளவுக்குத்தான் வருகிறது என்று அதே சென்னை ஆய்வுக் குழு 2025-இல் காட்டியது. மாவுச்சத்தில் ஐந்து சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் நீரிழிவு ஆபத்து குறையும் என்பது அவர்கள் கணிப்பு. வெள்ளை அரிசியைப் பற்றி 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வந்தது. நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு ஆபத்து 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவில் மட்டும் அது 61 சதவீதம் கூடுதல்.

450 கிராம் சோறு என்றால் எவ்வளவு? ஏறக்குறைய 150 கிராம் அரிசி வெந்தால் அந்த அளவு வரும். நூற்பாலை ஷிப்ட் முடித்து வருகிறவர் மதியம் மெஸ்ஸில் உட்கார்ந்தால் ஒரே பொழுதில் அதை முடித்துவிடுவார். அந்த இலையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கவேண்டும். நடுவில் சோறு. மேலே சாம்பார், பிறகு வத்தக்குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை சோறு. ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியலும் உருளைக்கிழங்குக் கூட்டும் அப்பளமும் ஊறுகாயும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒருவர் இலையில் விழும் சாம்பாரில் இருப்பது பெரும்பாலும் இருபது கிராம் பருப்புக்குள்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நாளுக்கு 85 கிராம் பருப்பு பயறு, 400 கிராம் காய், கீரை, 100 கிராம் பழம் என்கிறது. அந்த இலையில் குறைவது இவைதான்.

அதற்காகச் சோற்றை விட்டுவிடுங்கள் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். நூறு தலைமுறையாகச் சோறு தின்றவர்களிடம் அப்படிச் சொல்வது நடக்காத காரியம், தேவையுமில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை என்று ஒரு கிண்ணம் சுண்டலும், பாதித் தட்டுக்குக் காயும் வந்தால் போதும். ரேஷனில் கிலோ முப்பது ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்கும் மாநிலம் இது. அசைவம் உண்பவர்களுக்கு முட்டையும், தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களும் நல்ல புரதம். குழம்பாக வைத்தால் அவற்றின் ஒமேகா-3 கொழுப்பும் உடம்பில் சேரும், பொரித்தால் எண்ணெய்தான் கூடும். உண்ணும் வரிசைக்கும் கொஞ்சம் பலன் இருக்கிறது. காயையும் புரத உணவையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டபோது சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைந்ததாக 2015-இல் நியூயார்க்கில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாத வழி.

சிறுதானியம் பற்றி இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலம் குதிரைவாலிக்கு ஏற்ற நிலம். தாத்தா பாட்டி தின்ற தானியத்தைப் பேரன் மறுபடி தேடுவது நல்ல சேதி. ஹைதராபாத்தில் இருக்கும் சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 2021-இல் வந்த தொகுப்பாய்வு, சிறுதானியத்தைத் தொடர்ந்து உண்ட நீரிழிவுக்காரர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும் சாப்பிட்ட பின் சர்க்கரை 15 சதவீதமும் குறைந்தன என்றது. ஆனால் கடையில் வெள்ளைவெளேரென்று தீட்டி விற்கும் குதிரைவாலியில் தவிடு போய்விடுகிறது, தவிட்டோடு நார்ச்சத்தும் மக்னீசியமும் போகின்றன. மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கேழ்வரகுக் கஞ்சியைப் பெரிய சொம்பு நிறையக் குடித்துவிட்டு "நான் அரிசியே தொடுறதில்ல" என்கிறவருக்கு ரிப்போர்ட் ஏன் இறங்கவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. தீட்டாத முழுத் தானியமாக, அளவாக, பருப்போடு சேர்த்து உண்டால்தான் பலன்.

பால்கோவாவைத் தொடாமல் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுத முடியுமா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு அது. விறகு அடுப்பில் அகன்ற சட்டி, கொதிக்கும் பாலை விடாமல் கிண்டும் துடுப்பு, சுண்டச் சுண்ட ஓரத்தில் படியும் ஆடையை உள்ளே தள்ளும் கை. அந்த வாசனையைக் கடந்து பஸ் ஏறுவது எவருக்கும் கடினம். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சுண்டி முடித்தபின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போட்ட சர்க்கரை, அதற்கு மேல் பாலின் சர்க்கரை வேறு. கால் கிலோ பொட்டலத்தை இருவர் பிரித்தால் ஆளுக்கு நாற்பது கிராம் சர்க்கரை உள்ளே போகும். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். விசேஷத்துக்கு ஒரு சிறு கரண்டி உண்பதால் எவருக்கும் கேடு வராது. கேடு டீக்கடையில் இருக்கிறது. ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பத்து கிராம். நாளுக்கு நான்கு டீ, அதோடு இரண்டு வடை. பால்கோவா தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வரும், டீ தினமும் வரும்.

கருப்பட்டி போட்டுக் குடித்தால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை எங்கும் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியில் சிறிது இரும்பும் தாதுக்களும் உண்டு, ருசியும் உயர்ந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். நாட்டுச் சர்க்கரைக்கும் இதே பதில்தான்.

எண்ணெயில் இந்த மாவட்டத்துக்குத் தனிப் பெருமை, நல்லெண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது விருதுநகர். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இதயத்துக்கு ஏற்றவைதாம், அளவோடு. நாளுக்கு ஆளுக்கு ஐந்தாறு ஸ்பூன், தாளிப்பு பொரிப்பு எல்லாம் சேர்த்து. அதே விருதுநகரின் எண்ணெய் பரோட்டா வேறு கதை. நாரில்லாத மைதா, அது மூழ்க எண்ணெய், அதன் மேல் சால்னா. இரவு பத்து மணிக்கு நான்கு எண்ணெய் பரோட்டா உண்டு படுக்கிற உடம்பு விடியும்வரை அந்தச் சர்க்கரையோடும் கொழுப்போடும் போராடுகிறது. அதற்குப் பதில் மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வறுத்ததோ அவித்ததோ, உண்டால் பசியும் அடங்கும், ரத்தக் கொழுப்புக்கும் நல்லது.

இப்போது பொடி டப்பா. நியாயமாகச் சொன்னால் சில மூலிகைகளுக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும், இனிப்பே தெரியாது. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணரிகளில் ஒட்டிக்கொள்வதால் அப்படி. 1990-இல் வெளியான சென்னை ஆய்வில் 22 நீரிழிவுக்காரர்களுக்கு வழக்கமான மாத்திரையோடு இந்த இலையின் சாற்றை ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, சிலருக்கு மாத்திரையையும் குறைக்க முடிந்தது. ஆனால் அது 22 பேர். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பெரிய சோதனை அல்ல. வெந்தயத்தை ஹைதராபாத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆராய்ந்தபோது பலன் தெரிந்தது. அங்கே கொடுத்த அளவு நாளுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை. நாம் இரவில் ஊறவைத்து விழுங்குவது ஒரு ஸ்பூன், நாலைந்து கிராம். பாகற்காய்க்கும் பட்டைக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று 2012-இல் காக்ரேன் குழுவின் தொகுப்பாய்வுகள் முடிவு சொல்லின. காயாகப் பாகற்காய் அருமையான காய், தாராளமாகச் சமைக்கலாம்.

மாத்திரை வடிவில் வரும் சத்துகளின் கதியும் இதுதான். மீனெண்ணெய் கேப்சூலை 15,480 நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்து ஏழாண்டுக்கு மேல் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2018-இல் வந்தது. மாரடைப்பு போன்றவை குறையவில்லை. வைட்டமின் டி கொடுத்தால் நீரிழிவின் வாசலில் இருப்பவர்களைத் தடுக்க முடியுமா என்று 2,423 பேரிடம் அமெரிக்காவில் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவு, குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்பது. ஒரே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லவேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் எளிதில் குறையும். கால் மரத்துப்போவதை "சுகர் நரம்பைத் தாக்கிருச்சு" என்று விட்டுவிடாமல் பி12 அளவைச் சோதித்துவிட வேண்டும்.

டப்பாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூலிகை என்று விற்ற பொடிகளில் ஆங்கில மருந்துகளை அரைத்துக் கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை மளமளவென்று இறங்கினால் ஊர் வியக்கும், சிறுநீரகத்துக்கு என்ன நடக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. பொடியை நம்பி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சேதம்.

பழக்கங்களில் முதலிடம் நடைக்கு. இதற்கான இந்தியச் சான்று சென்னையிலிருந்தே வந்தது. மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. அறிவுரை ஏதும் தனியாகப் பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம். ஆபத்து 28.5 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம் குறைவு. 2006-இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தினம் அரைமணி வேக நடையும் குறைத்த சர்க்கரையும் எண்ணெயும் ஒரு நல்ல மருந்துக்குச் சமமாக நின்றன.

காலை நடைக்கு மைதானம் தேடவேண்டும் என்பதில்லை. ஓர் ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்தவர்களைப் போலவே நாள் முழுவதும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதைவிட நன்றாகவே இருந்தது. வீட்டு வேலையே போதும் என்று சொல்லும் பெண்களுக்கு இது பொருந்தும். வேலை முடிந்து உண்டதும் படுக்காமல் தெருவில் இரண்டு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது போன்ற தசைப் பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை தங்க இடம் கூடும்.

ராஜபாளையத்தின் தனிச் சிக்கல் ஷிப்ட். 1936-இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் பகலும் இரவும் ஆலைச் சங்கின்படி ஓடுகின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளும் நேரம் பார்ப்பதில்லை. ஷிப்ட் முறையில் உழைப்பவர்களுக்கு நீரிழிவு ஆபத்து ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடுதல் என்று 2015-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. உடல் தூங்க எதிர்பார்க்கும் நேரத்தில் இன்சுலின் மந்தமாகிறது, அந்நேரம் உள்ளே போகும் சோறு கூடுதலாகச் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவு ஷிப்ட்டுக்காரர் ஆலைக்குப் போகுமுன் நிறைவாக உண்டு, நள்ளிரவில் சோற்றுக்குப் பதில் அவித்த பயறோ முட்டையோ மோரோ எடுத்து, காலையில் வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் தூங்கவேண்டும். அந்தத் தூக்கத்தைக் குடும்பம் காத்துத்தர வேண்டும். ஆலை நிர்வாகங்களும் இரவு கேண்டீனில் பரோட்டாவுக்குப் பதில் சுண்டலை வைத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

உப்பை நாம் கவனிப்பதே இல்லை. நாளுக்கு ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான் மொத்தமும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று ஒரே சாப்பாட்டில் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். ரத்த அழுத்தத்தைக் குறைப்பது நீரிழிவுக்காரருக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை 1998-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சர்க்கரை அளவை வாரம் ஒருமுறை பார்க்கிறவர்கள் பிரஷரை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. புகையிலை, பீடி பற்றித் தனியாக எழுதவேண்டியதில்லை, விட்டாகவேண்டும்.

புரட்டாசி வந்தால் சனிக்கிழமைதோறும் திருவண்ணாமலைக் குன்றில் கூட்டம் ஏறும். விரதமிருந்து, சிலர் நடந்தே வந்து, படியேறிப் பெருமாளைச் சேவிப்பார்கள். விரதம் இருக்கக் கூடாது என்று நீரிழிவுக்காரரிடம் சொல்லத் தேவையில்லை, மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வெயிலில் படியேறினால் வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அன்றைய அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். சட்டைப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கவேண்டும். நடுக்கம் வந்தால் விரதத்தை அங்கேயே முடித்து அதை வாயில் போடவேண்டும், பெருமாள் கோபிக்க மாட்டார். வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி ஏறுபவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதல். அது மணிக்கணக்கில் ஏறும் மலை. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுகுபவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தாணிப்பாறை அடிவாரத்தில் கால் வைக்கவேண்டும்.

மருந்துக்குக் காசில்லை என்று சொல்லும் நிலை இன்று பெரும்பாலும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிற மாத்திரை டப்பாவில் சேர்ந்துகொண்டே போவதுதான் துயரம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நாற்பது வயதைக் கடந்த நீரிழிவுக்காரருக்கு டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதினால், கொலஸ்ட்ரால் நார்மலாக இருந்தாலும் அதை எடுப்பதில் காரணம் இருக்கிறது.

கடைசியாக நெஞ்சுவலி. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வலியே தெரியாமல் வேர்வையாக, மூச்சிரைப்பாக, மேல்வயிற்று உப்புசமாக, தாடை வலியாகவும் வரலாம். நம் ஊரில் அதை வாயுப்பிடிப்பு என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து, ஓமம் அரைத்து, விடியட்டும் என்று படுக்கவைக்கிறார்கள். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகள் தயாராக இருக்கின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் எட்டு. பரிசோதித்து அவற்றை உடனே கொடுத்து, 108 ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சுகர் உள்ளவருக்கு வாயு என்று தோன்றும் வலி கால்மணி நேரத்தில் அடங்கவில்லையென்றால் சோடா பாட்டிலைத் தேடாமல் அந்த நிலையத்துக்கு வண்டியைக் கிளப்பவேண்டும். நள்ளிரவாக இருந்து அது பூட்டியிருந்தால் நேரே 108-க்கு போன் செய்யவேண்டும்.